பயிற்சியில் புரிந்தது வேலையில் வர மாட்டேன் என்கிறதே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரத்தில் தேயிலைத் தொழிற்சாலை, தங்கும் விடுதி, மருத்துவமனை என்று பல இடங்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். எங்கே போனாலும் தொழிலாளிகளும் மேற்பார்வையாளர்களும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கற்பவரைக் குறை சொல்வதற்கு முன்னால் கற்பிக்கும் முறையைப் பாருங்கள் என்பது என் கட்சி. அதற்கான காரணங்கள் பதில்களில் இருக்கின்றன.

உளவியல் என்றால் மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பதுதானே? தொழிற்சாலையில் அதற்கு என்ன வேலை?

வைத்தியம் அதில் ஒரு கிளை. மனிதர் எதைக் கவனிக்கிறார், எதை நினைவில் வைக்கிறார், எப்போது மறக்கிறார் என்பதைச் சோதனை செய்து அளந்து பார்ப்பது இன்னொரு கிளை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த ஆராய்ச்சியில் வேலையிடத்துக்கு நேராக உதவக்கூடிய முடிவுகள் நிறைய உண்டு. இங்கே பேசுவது அவற்றைத்தான்.

மனச்சோர்வும் பதற்றமும் நாள்கணக்கில் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பயிற்சி முறையை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

சொல்லிக்கொடுக்கும்போது எல்லாம் புரிகிறது அக்கா. மறுநாள் போய் நின்றால் ஒன்றும் வரவில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இல்லை, தம்பி. புதிதாகக் கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நழுவும், பிறகு நழுவும் வேகம் குறையும். எபிங்ஹாஸ் கண்ட கோடு இதுதான். எல்லாருக்கும் பொதுவானது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் செய்துகாட்டும்போது ‘ஆமாம், தெரியும்’ என்று தோன்றுவது வேறு, யாருமில்லாதபோது தானாக நினைவுக்கு வருவது வேறு. கொழுந்து வாடிவிட்டதா என்று பார்க்க, தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்கிறார். நன்றாக வாடிய கொழுந்து உருண்டையாகவே நிற்கிறது, வாடாதது மெல்ல விரிந்துகொள்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அது புரிந்துவிடும். ஆனால் அவர் கை அதைக் கற்கவில்லை. தானே அள்ளி, தானே ‘வாடிவிட்டது’ அல்லது ‘இன்னும் வாடவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லி, அதன் பிறகு டீமேக்கரிடம் சரியா என்று கேட்கும்போதுதான் கற்றல் தொடங்குகிறது.

குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தால் போதாதா?

போதாது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள், இன்னொரு பிரிவினர் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஆகவே குறிப்பேட்டை மூடுங்கள். ஒரு வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். எழுத வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்காட்டுங்கள். பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

அப்படிச் சொல்லிப் பார்த்தால் பாதிகூட வருவதில்லை. மனம் விட்டுப்போகிறது.

வராமல் தடுமாறும் அந்த நேரம் வீணல்ல. முயன்று எடுத்த விஷயம் அடுத்த முறை எளிதாக வரும். முயன்றும் வராத விஷயத்துக்கு உடனே விடை பார்த்தால் அது ஆழமாகப் பதியும். ஒரே ஒரு நிபந்தனை: விடையைப் பார்க்காமல் போய்விடக் கூடாது. தவறான விடையைச் சரியென்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அதுவே பழகிவிடும்.

ஒரே நாளில் மொத்தப் பயிற்சியையும் முடித்துவிட்டால் என்ன? மலையில் ஆள்களைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது எவ்வளவு சிரமம் தெரியுமா?

தெரியும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாலரை மணிக்கே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்தால் பாதையே அடைபட்டுவிடும். ஆனாலும் ஒரு நாள் முழுக்க அடைத்துவைத்துச் சொல்வதில் பெரும்பகுதி அடுத்த வாரம் தங்காது.

பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தபோது ஆலன் பேட்லி, லாங்மன் இருவரும் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு விசைப்பலகை கைவர ஏறத்தாழ 35 மணி நேரம் பிடித்தது. நாளுக்கு இரண்டு இரண்டு மணி நேரமாக நான்கு மணி நேரம் பழகியவர்களுக்கு அதே நிலையை எட்ட ஏறத்தாழ 50 மணி நேரம் ஆனது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: குறைந்த மணி நேரத்தில் கற்ற அந்தப் பிரிவினர்தான் தங்கள் பயிற்சியில் மிகக் குறைவான திருப்தி அடைந்தார்கள். கற்பவரின் திருப்தியை மட்டும் வைத்துப் பயிற்சியை எடைபோட்டால் நல்ல முறையைத் தூக்கி எறிந்துவிடுவோம்.

ஆள்களைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாரும் எப்படியும் ஓரிடத்தில் நிற்கிறார்கள். அப்போது பத்து நிமிடம், நேற்றைய விஷயத்திலிருந்து மூன்று கேள்வி. இடைவெளி எவ்வளவு என்பது எத்தனை நாள் நினைவில் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. செப்பேடாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, ஒரு வாரம் கழித்துத் தேவைப்படும் விஷயத்தை ஒரு நாள் விட்டும், ஒரு மாதம் கழித்துத் தேவைப்படுவதைப் பத்து நாளையொட்டியும் மறுபடி பார்ப்பது நல்ல பலன் தருகிறது.

சீசன் தொடங்க நான்கே நாள்தான் இருக்கிறது. இடைவெளி விட எனக்கு எங்கே நேரம்?

ஏப்ரல், மே மாதங்களில் விடுதி நடத்துகிறவர்கள் எல்லாரும் கேட்பது இது. நாளைக்கே தேவைப்படுவதை இன்று மொத்தமாகத் திணித்தால் நாளைக்கு ஓரளவு வேலைசெய்யும். மேலே சொன்ன 81க்கு 75 என்ற கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் ஜூனில் அது இருக்காது. புதியவருக்கு மிக அவசியமான ஐந்தாறு விஷயங்களை மட்டும் பொறுக்கி அவற்றைக் காலையும் மாலையும் கேளுங்கள். மற்றதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்.

ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதா, கலந்து கலந்து பழகுவதா?

ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவதுதான் வேலை என்றால் கலந்து பழகுங்கள். கார்னெல், பியோர்க் இருவரும் 2008இல் 12 ஓவியர்களின் நிலக்காட்சி ஓவியங்களைக் காட்டி, யார் வரைந்தது என்று அடையாளம் காணக் கற்பித்தார்கள். ஒரே ஓவியரின் படங்களை வரிசையாகப் பார்த்ததைவிடக் கலந்து பார்த்தபோது புதிய ஓவியங்களை அதிகம் சரியாக இனங்கண்டார்கள். கற்றவர்களில் பெரும்பாலோர், வரிசையாகப் பார்த்ததே தங்களுக்கு உதவியது என்று நினைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

தேநீர் ருசி பார்க்கப் பழகுகிறவருக்கு இது அப்படியே பொருந்தும். காலை முழுக்க நல்ல தேநீரையே பருகினால் நாக்குக்கு எதுவும் பிடிபடாது. சரியாக உலர்ந்தது, கருகல் வாடை அடிப்பது, சரியாக நொதிக்காமல் பச்சை வாடை வருவது என மூன்றையும் கோப்பைகளில் இடம் மாற்றி மாற்றி வைத்து, எது எது என்று கேளுங்கள். ஆனால் முதல் நாளே கலக்க வேண்டாம். ஒவ்வொன்றும் இன்னது என்று ஒருமுறை தெரிந்த பிறகு கலந்தால்தான் பயன்.

நான் கண்ணால் பார்த்தால்தான் கற்பேன், காதால் கேட்டால் ஏறாது. என்னைப் போன்றவர்களுக்குத் தனி முறை உண்டா?

இந்த நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஹரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் இதற்கான ஆதாரங்களை அலசி, அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு சொன்னார்கள். விருப்பம் இருக்கலாம். முறையைத் தீர்மானிக்க வேண்டியது கற்கும் பொருள்: இயந்திரத்தின் ஓசை மாறுவதைக் காதால்தான் கற்க வேண்டும், இலையின் நிறத்தைக் கண்ணால்தான்.

வடமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறார்கள்.

தலையாட்டுவது மரியாதை, புரிந்ததற்கு அடையாளமில்லை. புரியாத மொழியைப் பிடிப்பதும் புது வேலையைப் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் மனம் திணறும். ஒரே சமயத்தில் மனம் ஏந்தக்கூடிய சுமைக்கு அளவு உண்டு என்பதை அடிப்படையாக வைத்து ஜான் ஸ்வெல்லர் 1980களில் வகுத்த கோட்பாடு, தொடக்கநிலையில் இருப்பவருக்கு முழுதாகச் செய்துகாட்டிய எடுத்துக்காட்டே நல்லது என்கிறது. பேச்சைக் குறைத்து, மெதுவாகச் செய்துகாட்டி, அவரைச் செய்யச் சொல்லுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘செய்துகாட்டு தம்பி’ என்று சைகையாவது காட்டுங்கள். அந்தப் பிள்ளைகளில் முதலில் கற்றவரை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னால் இருவருக்கும் நல்லது.

ஐம்பது வயதுக்குமேல் இந்தக் கைபேசிச் செயலி, மின்னணுத் தராசு எல்லாம் ஏறுமா அம்மா?

ஏறும், ஐயா. பழக நேரம் கூடுதலாகப் பிடிக்கலாம், அவ்வளவுதான். திமதி சால்ட்ஹவுஸ் 1984இல் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சாளர்களைச் சோதித்தார். வயதானவர்களின் விரல் எதிர்வினை வேகம் குறைந்திருந்தும் தட்டச்சு வேகம் குறையவில்லை. அடுத்து வரும் எழுத்துகளை இளையவர்களைவிட முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டார்கள். முப்பது வருடம் பசுந்தேயிலை எடைபோட்டவருக்கு, திரையில் தவறான எடை வந்தால் மூட்டையைத் தூக்கிய கையே சொல்லிவிடும். அந்த அறிவு புதியவரிடம் இல்லை. அவருக்குச் செயலியைக் கற்றுக்கொடுக்கும் இருபது வயதுப் பெண், அதற்கு ஈடாக இதைக் கற்றுக்கொள்ளட்டும்.

நாலு பேர் முன்னால் திட்டினால்தானே புத்தி வரும்? நாங்களெல்லாம் அப்படித்தானே தொழில் கற்றோம்?

திட்டு வாங்கியவர் உறுதியாகக் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு: அடுத்த தடவை தவறு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. இரவு இரண்டு மணிக்கு, தேயிலையை உலர்த்தும் இயந்திரமான டிரையரின் வெப்பம் சற்று நேரம் ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயந்தவர் பதிவேட்டில் வழக்கமான எண்ணை எழுதிவைப்பார். காலையில் ருசி பார்க்கும்போது கருகல் தெரியும், அதற்குள் அது நல்ல தூளோடு கலந்திருக்கும். பயமில்லாதவர் அப்போதே சொல்லியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்துவைத்திருக்கலாம்.

எமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். காரணம், அங்கே தவறை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களில் நடத்திய ஆய்வில், பேசப் பயமில்லாத குழுக்கள் அதிகம் கற்றன, அதன் வழியே நன்றாகவும் செயல்பட்டன என்று கண்டார்.

‘கொஞ்சம் பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்’ என்பதற்கு யெர்க்ஸ், டாட்சன் இருவரின் 1908ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுவார்கள். அது எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனை. அதிலேயே, கடினமான வேலையைக் கற்கும்போது கடுமையான அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது.

அப்படியானால் தவறையே சொல்லக் கூடாதா? பாராட்டிக்கொண்டே இருந்தால் தலைக்கேறாதா?

தவறைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. க்ளூகர், டெநிசி இருவரும் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துச் சொன்னதால் சராசரியாக வேலை மேம்பட்டிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் அது மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மீது திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

‘உனக்கு எப்போதும் அக்கறை கிடையாது’ என்றால் அந்தப் பெண் அன்று முழுக்கத் தன்னைப் பற்றித்தான் யோசிப்பாள். ‘மேல்மாடிக் கடைசி அறையில் கம்பளியின் மேலுறையை மாற்றவில்லை அம்மா, அவர்கள் வருவதற்குள் மாற்றிவிடு’ என்றால் கம்பளியைப் பற்றி யோசிப்பாள். பாராட்டுக்கும் இதே கணக்கு. ‘நீ கெட்டிக்காரி’ என்பதைவிட ‘ஈரத் துண்டைத் தனியாகப் பிரித்துவைத்தது நல்லது’ என்பது நாளைக்கும் உதவும்.

இலக்கு நிர்ணயித்தால் வேலை ஓடுமா? எத்தனை கிலோ என்று சொல்லிவிட்டால் போதுமே?

தெளிவான இலக்குக்குப் பலன் உண்டு. லேதம், பால்டெஸ் இருவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 விழுக்காடுதான் ஏற்றிக்கொண்டிருந்தன. ஓட்டுநர்களிடம் ‘முடிந்த அளவு செய்யுங்கள்’ என்பதற்குப் பதிலாக 94 விழுக்காடு என்று குறிப்பாகச் சொன்னதும், சில மாதங்களில் 90ஐ எட்டியது. இலக்கு சட்ட வரம்புக்குள் இருந்தது என்பதை நம் மலைப்பாதை லாரிக்காரர்கள் மறக்க வேண்டாம்.

ஆனால் கிலோவை மட்டும் இலக்காக வைத்தால் கிலோதான் வரும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வர வேண்டிய கூடையில் முற்றிய இலையும் காம்பும் ஏறும், தரம் இறங்கும், விலை இறங்கும், பழி பறித்தவர் மேல் விழும். இலக்கு வைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு.

புதியவருக்கு அளவு இலக்கே வேண்டாம் என்பேன். கான்ஃபர், அக்கர்மன் இருவரும் 1989இல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை ஒத்த ஒரு பணியை அமெரிக்க விமானப் படையினருக்குக் கற்பித்தார்கள். தொடக்கத்திலேயே எண்ணிக்கை இலக்கு கொடுத்தது கற்றலுக்குத் தடையானது, பழகிய பிறகு கொடுத்தது உதவியது. முதல் வாரம் ‘முற்றிய இலை ஒன்றும் கலக்கக் கூடாது’ என்பதே இலக்காக இருக்கட்டும். கூலியை அந்த வாரத்தில் கிலோவோடு கட்டிப்போடாதீர்கள்.

எனக்கு இருபது வருட அனுபவம். எனக்கெதற்குச் சரிபார்ப்புப் பட்டியல்?

அனுபவசாலிகளின் கை பழக்கத்தில் ஓடுகிறது, அதனால்தான் குறுக்கே ஒரு தொலைபேசி வந்தால் ஒரு படி விட்டுப்போவது தெரியாமல் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8ஆகக் குறைந்திருந்தது. அங்கே கத்தி பிடித்தவர்கள் புதியவர்கள் அல்லர்.

மறுபக்கமும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகு பார்த்தபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று 2014இல் ஒரு ஆய்வு சொன்னது. பட்டியலை வேலை செய்யும் இடத்திலேயே, வாய்விட்டு, இன்னொருவர் கேட்கச் சரிபாருங்கள். ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாக டிக் போடுவது கையெழுத்துப் பயிற்சி.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு எப்போது பயிற்சி கொடுப்பது? வேலை முடிந்ததும் காலையில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பகலில் பறித்த கொழுந்து வாடிய பிறகு அரைப்பதால் தேயிலைத் தொழிற்சாலைகளில் இரவு வேலை சகஜம். விடியற்காலையில் கண் சொருகும் ஆளுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது. ஷிஃப்ட்டின் முதல் அரைமணி நேரத்தில் சொல்லுங்கள். ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் 1924இலேயே, கற்ற பிறகு தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தார்கள் என்று காட்டினார்கள். ஆகவே வேலை முடிந்தவரைக் கூட்டத்துக்கு நிறுத்தி வைக்காமல் தூங்க அனுப்புங்கள். அரைத் தூக்கத்தில் கொண்டைஊசி வளைவுகளில் இருசக்கர வாகனம் ஓட்டி வீட்டுக்குப் போகிறவரை நினைத்தாவது அனுப்புங்கள்.

எல்லாம் தெரியும். அந்த நேரத்தில் செய்ய மறந்துவிடுகிறேன். அதற்கு என்ன வழி?

‘இனிமேல் கவனமாக இருப்பேன்’ என்பது போதாது. எந்த நேரத்தில் எதைச் செய்வேன் என்று இரண்டையும் சேர்த்துத் தீர்மானியுங்கள். பீட்டர் கோல்விட்சர் 1999இல் தொகுத்துச் சொன்ன முறை இது. ‘சரிவில் வண்டியை நிறுத்தினால், இறங்கியதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன்.’ இறங்குவதே நினைவூட்டலாகிவிடுகிறது. ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு போதும்.

பயிற்சி முடிந்ததும் தேர்வு வைத்தேன், எல்லாரும் நல்ல மதிப்பெண். வேலையில் மட்டும் பழைய கதைதான். தேர்வு பொய்யா?

தேர்வு பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்டது வேறு. அன்றே வைத்த தேர்வு, அன்று மனதில் என்ன இருந்தது என்பதைத்தான் காட்டும். அதே 5 நிமிடம், ஒரு வாரம் கணக்குதான் இங்கேயும். இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், வேலை நடக்கும் இடத்திலேயே கேளுங்கள். மதிப்பெண் குறையும், அதுதான் உண்மையான எண். அதை வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். தண்டித்தால் திட்டுவதைப் பற்றி மேலே சொன்னதுதான் நடக்கும்.

தேர்விலும் குறையில்லை என்றால் ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். கையுறை கிழிந்திருக்கிறதா, விளக்கு மங்கலா, சரியாகச் செய்தால் நேரமாகிறது என்று யாராவது விரட்டுகிறார்களா? பயிற்சியால் தீராத காரணங்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாருக்கும் அலுப்பு.

இவையெல்லாம் வெளிநாட்டில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம் செய்தவை. நம் மலைக்குப் பொருந்தும் என்று எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. உளவியலில் புகழ்பெற்ற சில முடிவுகளே பின்னால் ஆட்டம் கண்டிருக்கின்றன. மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்தைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி சோதித்து 2016இல் வெளியிட்டபோது, முன்பு சொன்ன விளைவு ஏறக்குறையக் காணவில்லை. நினைவிலிருந்து எடுத்துப் பழகுவதும் இடைவெளி விட்டுப் பழகுவதும் அப்படியல்ல. பல வயதினரிடமும் பல வகைப் பாடங்களிலும் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டவை. குழு, பயம், இலக்கு பற்றிய முடிவுகள் இடத்துக்கு இடம் மாறக்கூடியவை. அவற்றைக் கவனித்துக் கவனித்துப் பயன்படுத்துங்கள்.

நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள். அடுத்து ஆள் சேர்க்கும்போது சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்குப் பழைய முறையில் ஒரு முழுநாள் வகுப்பு, மற்றதற்கு அதே மொத்த நேரத்தைத் தினசரிப் பத்து நிமிடக் கேள்விகளாக. ஒரு மாதம் கழித்து, யார் எந்தக் குழு என்று தெரியாத ஒரு மேஸ்திரியை விட்டு இரண்டு குழுவையும் ஒரே வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். சிறு குழு என்றால் தற்செயலாகவும் வித்தியாசம் வரலாம், அதனால் அடுத்த தொகுதியிலும் ஒருமுறை செய்யுங்கள். பலனில்லாத முறை எதுவானாலும், நான் சொன்னதே ஆனாலும், விட்டுவிடுங்கள்.